ஐந்தரைக் கட்டை: ஒரு கறுப்புச் சுரத்தை வைத்து மெட்டுக் கட்டிய அனுபவம்

சி மேஜரில் மெட்டுக் கட்டும்போது எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்த சுரம் அந்த ஸ்கேலிலேயே, அதாவது அதன் ஏழு சுர வரிசையிலேயே, இல்லாத ஒன்று. சி-யை ஒரு கட்டையாகக் கொண்டால் ஜி ஐந்து கட்டை, ஏ ஆறு கட்டை. இவை இரண்டுக்கும் நடுவே இருக்கும் கறுப்புக் கட்டை ஐந்தரை. சி மேஜருக்கு உரிய ஏழு கார்ட்களில் (கார்ட் என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்), அதாவது சி மேஜர், டி மைனர், ஈ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், பி டிமினிஷ்ட் ஆகியவற்றில், இந்தக் கட்டை எங்கும் வராது. ஆகவே இது எந்தக் கார்டின் வழியாக உள்ளே நுழைந்தாலும், இசை இலக்கணம் படிக்காதவரின் காதுகூட ஏதோ மாறிவிட்டது என்று உணர்ந்துகொள்கிறது. அந்த உணர்வைப் பாடலின் மனநிலைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது குறித்து, சொந்தமாக மெட்டமைத்துப் பழகியதில் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கட்டுரை முழுவதும் சட்ஜம் சி-யில் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்; வேறு சுருதியில் பாடுபவர்கள் பஞ்சமத்துக்கு மேலே அடுத்த அரைச்சுரம் என்று கணக்கிட்டுக்கொண்டால் எல்லாம் அப்படியே பொருந்தும்.

சோகத்துக்கு இந்தக் கார்ட், மர்மத்துக்கு இந்தக் கார்ட், ஏக்கத்துக்கு இந்தக் கார்ட் என்று பட்டியலிட்டுத் தரும் பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. எஃப் மைனரைத் தனியாக வாசித்துக் காட்டினால் அது மற்ற மைனர் கார்ட்களைப் போன்ற ஒரு மைனர் கார்ட், அவ்வளவுதான். எஃப் மைனரிலேயே அமைந்த பாட்டில் அதுவே ஆதாரம் என்பதால் அங்கே அது யாரையும் அசைக்காது. சி மேஜரில் இரண்டு மூன்று சுற்றுகள் நிதானமாகக் கேட்டு முடித்த காதுக்கு மட்டுமே அது வேறொன்றாகிறது. முன்பு கேட்ட எந்தச் சுரம் இப்போது இடம் மாறியது, மாறிய சுரம் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையில்தான் மனநிலை பிறக்கிறது. கார்ட்களைப் பெயர்களாக நினைப்பதை விட்டுச் சுரங்களின் நகர்வாக நினைக்கத் தொடங்கிய பிறகுதான் வழக்கத்துக்கு மாறான கார்ட்கள் என் கைக்குப் பிடிபட்டன. ராகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இப்படி நினைப்பது கடினமும் இல்லை. ஒரு தைவதம் மாறினால் ராகமே மாறிவிடும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டிய செய்தி அன்று.

பிரிந்து போகிறவர் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கும் ஒரு பாடலுக்கு மெட்டமைத்ததை எடுத்துக்கொள்கிறேன். பல்லவியின் முதல் வரி ‘நாளை வருவேன் என்றாய்’. பாடுகிறவளுக்கு அந்த வாக்கில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொற்கள் சொல்லவில்லை. சி மேஜரில் தொடங்கி, ‘வருவேன்’ என்ற சொல்லில் எஃப் மேஜருக்குப் போய், அங்கிருந்து நேராக மீண்டும் சி-க்கு வந்தபோது வாக்கு உறுதியாக ஒலித்தது. நாளை அவர் வந்துவிடுவார் என்றே தோன்றியது. எஃப் மேஜருக்கும் சி-க்கும் இடையே ‘என்றாய்’ என்ற சொல்லில் எஃப் மைனரை வைத்ததும் அதே வரி ஐயத்தோடு ஒலிக்கத் தொடங்கியது. மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. அந்த இடத்தில் பாடகி மேல் சட்ஜத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கீழே இருந்த ஏ மட்டும் ஐந்தரைக்கு இறங்கியது.

இதன் கணக்கு எளியது. எஃப் மேஜரில் எஃப், ஏ, சி இருக்கின்றன. எஃப் மைனரில் ஏ-க்குப் பதிலாக ஏ ஃபிளாட், அதாவது நம் ஐந்தரைக் கட்டை. அடுத்து வரும் சி மேஜரில் ஜி காத்திருக்கிறது. ஆகவே உள்ளே ஒரு குரல் ஆறு, ஐந்தரை, ஐந்து என்று இறங்குகிறது. அதிர்வெண்ணில் சொன்னால் 440 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 415-க்கும், அங்கிருந்து ஏறத்தாழ 392-க்கும். எஃப் மேஜரிலிருந்து நேராகச் சி-க்கு வரும்போது எஃப் மட்டுமே அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது, ஏ ஒரு முழுச்சுரம் தாண்டி ஜி-க்கு வருகிறது. எஃப் மைனரிலிருந்து வரும்போதோ எஃப், ஏ ஃபிளாட் ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் அரைச்சுரம் சரிகின்றன, சட்ஜம் மட்டும் அசையாமல் நிற்கிறது. பாடகி உறுதியாக நிற்க, அவள் நிற்கும் தரை சரிகிறது. இதை நான் ‘சோகக் கார்ட்’ என்று சொல்ல மாட்டேன். மகிழ்ச்சியான வரியின் கீழே வைத்தால் இதே நகர்வு பழைய நினைவொன்றைக் கனிவோடு திரும்பிப் பார்ப்பதாக ஒலிக்கும். கோபமான வரியின் கீழே வைத்தால் கோபக்காரர் தளர்ந்துபோவதாக ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது இறக்கம் ஒன்றுதான். ஒரே நிபந்தனை, அந்தக் கணத்தில் மெட்டு சதுஸ்ருதி தைவதத்தில், அதாவது ஏ-யில், நிற்கக் கூடாது. நின்றால் 440-ம் 415-ம் மோதிக்கொள்ளும். கேட்பவர் அதை மனநிலை என்று கொள்ளாமல் பிசகு என்றே கொள்வார்.

தமிழ்ப் பாடலில் இந்த மாற்றம் எந்தச் சொல்லில் நிகழ வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு யோசனை தேவைப்படுகிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், செயல் நடந்ததா, நடக்கவில்லையா, யார் செய்தார் என்பவை வரியின் இறுதி வரை திறந்தே கிடக்கின்றன. அந்நியமான கார்டை வினைக்கு முந்தைய சொல்லில் வைத்தால், முடிவு வருவதற்கு முன்பே கேட்பவருக்கு அச்சம் வந்துவிடுகிறது. வினையோடு சேர்த்து வைத்தால் சொல்லும் கார்டும் ஒன்றையொன்று ஆமோதிக்கின்றன. வினையைப் பாடி முடித்த பிறகு, கடைசி உயிரெழுத்து நீண்டு ஒலிக்கும்போது வைத்தாலோ, சொல்லியதைக் கார்ட் மறுக்கத் தொடங்குகிறது. மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன், ஏனெனில் பாடலின் சொற்கள் நேர்மையாக இருக்கும்போது மறுப்பை இசையிடம் விடுவது அழகாக இருக்கிறது. சொற்களே அழுதுகொண்டிருக்கும் வரிக்கு இந்தக் கார்ட் எதையும் சேர்ப்பதில்லை. அங்கே சாதாரண எஃப் மேஜரே மேல்.

பேஸ், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் சுரம், எதில் இருக்கிறது என்பதும் மனநிலையைப் பாதியளவு தீர்மானிக்கிறது. பேஸ் எஃப்-இல் இருந்தால் எஃப் மைனர் கனமாக, முடிவெடுத்துவிட்டதைப் போல ஒலிக்கும். பேஸ் சி-யிலேயே நின்று, மேலே எஃப் மேஜரும் எஃப் மைனரும் வந்துபோனால், மனத்துக்குள் ஓடும் நினைப்பைப் போல மென்மையாகிவிடும். அமைதியான பாடல்களுக்கு எனக்குப் பிடித்த அமைப்பு இது. பேஸையே ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று இறங்கவைத்து அவற்றின் மேல் முறையே எஃப் மேஜர், எஃப் மைனர், சி மேஜர் ஆகியவற்றை வைக்கலாம். அப்போது இறக்கம் எல்லாருக்கும் கேட்கும்படி வெளிப்படையாகிறது, நாடகத்தன்மையும் கூடுகிறது. ஒரே கார்ட் வரிசைதான், ஆனால் மூன்றும் மூன்று வேறு பாத்திரங்கள் பேசுவதைப் போல இருக்கும்.

இதே ஐந்தரைக் கட்டையை மேல்நோக்கியும் செலுத்தலாம். ஈ மைனரில் ஈ, ஜி, பி இருக்கின்றன. அதிலுள்ள ஜி-யை அரைச்சுரம் ஏற்றினால் ஈ மேஜர் கிடைக்கிறது. அந்த ஜி ஷார்ப்புக்கு, அதாவது அதே ஐந்தரைக் கட்டைக்கு, அடுத்திருக்கும் ஏ-யைத் தொட்டே ஆக வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது. ஏ-யைச் சட்ஜமாக வைத்துப் பார்த்தால் இது கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதம், சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்பது. அதன் இழுவிசையை விளக்கத் தேவையில்லை. சி மேஜரிலிருந்து ஈ மேஜருக்குப் போவது, பாடலின் நடுவே ஒருவர் திடீரென்று ஒரு முடிவுக்கு வந்து எழுந்துகொள்வதைப் போன்ற உணர்வைத் தருகிறது. ஈ மேஜருக்குப் பிறகு ஏ மைனருக்குப் போவதுதான் வழக்கம். நான் அதிகமாகப் போவது எஃப் மேஜருக்கு. அப்படிப் போகும்போது ஈ, ஜி ஷார்ப், பி ஆகிய மூன்று சுரங்களுமே அரைச்சுரம் ஏறி எஃப், ஏ, சி ஆகின்றன. ஜி ஷார்ப்பின் துடிப்பும் ஏ-யில் நிறைவேறிவிடுகிறது, ஏ மைனரின் இருளுக்குள்ளும் போக வேண்டியதில்லை.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே வரிசையில் வைத்தபோதுதான் இந்தக் கட்டையின் முழுக் குணமும் எனக்குத் தெரிந்தது. சி மேஜர், ஈ மேஜர், எஃப் மேஜர், எஃப் மைனர், மீண்டும் சி மேஜர்: இதற்குள் ஒளிந்திருக்கும் குரல் ஐந்து, ஐந்தரை, ஆறு, ஐந்தரை, ஐந்து என்று நடக்கிறது. போகும்போது மிதித்த அதே கட்டையைத்தான் திரும்பி வரும்போதும் மிதிக்கிறது. ஆனால் முதல் முறை அது நம்பிக்கையாகவும் இரண்டாம் முறை விட்டுக்கொடுத்தலாகவும் கேட்கிறது. கீபோர்டு இருப்பவர்கள் கார்ட்களை மறந்துவிட்டு இந்த ஐந்து சுரங்களை மட்டும் வலது கையால் மெதுவாக வாசித்து, இடது கையில் சி, ஈ, எஃப், எஃப், சி என்று பேஸை வைத்துப் பார்க்கலாம். அந்த அளவுக்குக் குறைத்தாலும் மனநிலை அப்படியே இருக்கும். வழக்கத்துக்கு மாறான கார்டை எப்போதும் இப்படி ஒரு சுரமும் பேஸும் மட்டுமாகச் சுருக்கி வாசித்துப் பார்க்கிறேன். சுருக்கிய நிலையிலும் உணர்வு தங்கினால் அந்தக் கார்ட் பாடலுக்கு உரியது. தங்காவிட்டால் அது என் விரல்களுக்குப் பிடித்த ஒன்று என்று ஒதுக்கிவிடுகிறேன்.

ஐந்தரைக் கட்டையே மூலச்சுரமாக, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரமாக, நிற்கும் ஏ ஃபிளாட் மேஜர் மூன்றாவது வகை. இதில் அது ஏறவும் துடிப்பதில்லை, இறங்கவும் துடிப்பதில்லை. ஹ்யூகோ ரீமான் (1849–1919) என்ற ஜெர்மானிய இசை அறிஞரின் சிந்தனையிலிருந்து பிற்காலத்தவர் வளர்த்தெடுத்த ஒரு பார்வை இங்கே எனக்கு மிகவும் உதவியது: ஒரு கார்டில் இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் நகர்த்தினால் எங்கே போய்ச் சேரலாம் என்று பார்ப்பது. சி மேஜரில் ஈ-யை அரைச்சுரம் இறக்கினால் சி மைனர். ஜி-யை ஒரு சுரம் ஏற்றினால் ஏ மைனர். சி-யை அரைச்சுரம் இறக்கினால் ஈ மைனர். இப்படிச் சி மைனருக்கு வந்த பிறகு அங்கே ஜி-யை அரைச்சுரம் ஏற்றினால் ஏ ஃபிளாட் மேஜர் கிடைக்கிறது. ஆக, சி மேஜரும் ஏ ஃபிளாட் மேஜரும் காகிதத்தில் தொலைவில் இருப்பவையாகத் தெரிந்தாலும் விரலில் இரண்டு நகர்வு தூரம்தான். இரண்டுமே மேஜர், பொதுச்சுரம் சி ஒன்றுதான். இருள் ஏதுமில்லாமல் வேறோர் உலகுக்குள் நுழைந்துவிட்ட உணர்வு இதனால்தான் வருகிறது. படத்தின் பின்னணி இசையில் வியப்பைக் காட்ட இந்த வகை நகர்வை அடிக்கடி கேட்கலாம். பாடலில் இதன் பிரம்மாண்டம் சில நேரம் சொற்களை விழுங்கிவிடுகிறது. அதைத் தணிக்க ஜி-யை விடாமல் பிடித்துக்கொண்டு ஏ ஃபிளாட் மேஜர் செவன்த் ஆக்குவேன். ஐந்தும் ஐந்தரையும் ஒன்றாக ஒலிக்கும் அந்த மெல்லிய உராய்வு, ஒரு தாலாட்டுக்கு மெட்டமைத்தபோது உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையைச் சரியாகக் கொண்டுவந்தது. இரண்டு சுரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், ஏ ஃபிளாட்டைக் கீழ் ஸ்தாயியிலும் ஜி-யை மேலேயும் வைத்தால்தான் அந்த உராய்வு மெல்லியதாக இருக்கும்.

ஐந்தரைக் கட்டை வரும் இன்னும் இரண்டு கார்ட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி ஆக்மென்டட், அதாவது சி, ஈ, ஜி ஷார்ப், சம இடைவெளிகளால் ஆனது. பன்னிரண்டு சுரங்களுக்குள் இத்தகைய கார்ட்கள் நான்கே உண்டு என்பதால் எது மூலச்சுரம் என்று காதுக்குத் தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் நடுவே ஒரு தாளச் சுற்றில் பாதிக்கு வைத்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் தலைசுற்றலாகிவிடும். ஜி ஷார்ப் டிமினிஷ்ட் செவன்த் ஜி மேஜரிலிருந்து ஏ மைனருக்கு ஏறும் படிக்கட்டாக நன்றாகப் பயன்படுகிறது, ஆனால் தனித்து நிறுத்தி வைத்தால் கதவுக்குப் பின்னால் வில்லன் நிற்கிறான் என்று அறிவிப்பதைப் போல இருக்கிறது. அந்த ஒலியை நான் தவிர்த்துவிடுகிறேன்.

மெட்டு முதலில் வந்துவிடும் நேரங்களில் நான் செய்யும் பயிற்சி வேறு. நம் மெட்டுகளில் பெரும்பாலானவை வரி முடிவில் சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து நிற்கின்றன. எந்தச் சுரத்தை எடுத்துக்கொண்டாலும் அதை உள்ளடக்கிய மேஜர், மைனர் கார்ட்கள் சரியாக ஆறு உண்டு. சி-யில் நிற்கும் வரிக்கு அவை சி மேஜர், எஃப் மேஜர், ஏ ஃபிளாட் மேஜர், சி மைனர், எஃப் மைனர், ஏ மைனர். ஜி-யில் நிற்கும் வரிக்கு ஜி மேஜர், சி மேஜர், ஈ ஃபிளாட் மேஜர், ஜி மைனர், சி மைனர், ஈ மைனர். நீண்டு நிற்கும் அந்தச் சுரத்தைப் பாடிக்கொண்டே ஆறு கார்ட்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வரியின் பொருள் சற்றே மாறுவதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறில் பாதி பாடலின் ஸ்கேலுக்குள் இருப்பவை, பாதி வெளியே இருப்பவை. வெளியே இருப்பவற்றில் எதை வைத்தாலும் மெட்டுக்கு எந்தச் சேதமும் வராது என்பது இந்தப் பயிற்சியின் வசதி. ஆறும் போதவில்லை என்றால் சுரத்தைக் கார்டின் மூலச்சுரத்திலிருந்து எண்ணி ஏழாவதாகவோ ஒன்பதாவதாகவோ வைக்கலாம்: சி நிற்கும்போது பி ஃபிளாட் மேஜர், ஜி நிற்கும்போது எஃப் மேஜர் என்பவை அப்படிப்பட்டவை. இவற்றில் பாடகரின் சுரம் கார்டோடு ஒட்டாமல் அதன் மேலே மிதக்கும்; தனிமையைச் சொல்லும் வரிகளுக்கு இது பொருந்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மற்றக் கறுப்புக் கட்டைகளுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. எஃப் ஷார்ப்பைக் கொண்டுவரும் டி மேஜர், பாடலைச் சங்கராபரணத்திலிருந்து கல்யாணியின் வெளிச்சத்துக்குத் தூக்குகிறது. பி ஃபிளாட்டைக் கொண்டுவரும் ஜி மைனரும் பி ஃபிளாட் மேஜரும் அரிகாம்போதியின் நிதானத்தைத் தருகின்றன; சட்ஜத்துக்கு ஏறியே ஆக வேண்டும் என்ற பி-யின் அவசரம் இல்லாததால் பாடல் நடையைத் தளர்த்திக்கொள்கிறது. டி ஃபிளாட் மேஜர் எல்லாவற்றிலும் கடுமையானது. சட்ஜத்தை ஒட்டி அரைச்சுரம் மேலே நின்று அதன் மீது சாயும் அந்தக் கார்டைப் பாடலின் கடைசிச் சரணத்துக்கு முன்னால் தவிர வேறெங்கும் வைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ராகங்களின் பெயரை இப்படிச் சொல்வதில் நடைமுறைப் பயன் ஒன்று இருக்கிறது. சி, எஃப் மைனர், ஜி மேஜர் ஆகிய மூன்றையும் கூட்டினால் கிடைக்கும் சுரங்கள் 27-ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சரசாங்கியின் சுரங்கள். ஜி மேஜருக்குப் பதிலாக ஜி மைனரை வைத்தால் 26-ஆவதான சாருகேசி. ‘இந்த இடத்தில் எஃப் மைனர்’ என்று பாடகரிடம் சொன்னால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ‘இந்த வரியில் மட்டும் தைவதம் சரசாங்கியின் தைவதம்’ என்று சொன்னால், இடையில் அவர் சேர்க்கும் சிறு சங்கதிகள்கூட உடனே சரியாகிவிடுகின்றன. கமகம் மிகுந்த இடங்களில் மட்டும் கவனம் தேவை. அசைவோடு பாடப்படும் சுரம் அக்கம்பக்கத்துச் சுரங்களைத் தொட்டுத் தொட்டு வருவதால், அசையாத கார்ட் சுரம் ஒன்று அதன் பக்கத்திலேயே நின்றால் இரண்டும் உரசும். அத்தகைய இடத்தில் கார்டின் நடுச்சுரத்தை எடுத்துவிட்டு மூலச்சுரத்தையும் அதன் ஐந்தாவதையும் மட்டும் வாசித்தால் போதும். மேஜரா மைனரா என்பதைப் பாடகரின் குரலே சொல்லிவிடும்.

சுருதிப் பெட்டியோ தம்புராவோ தொடர்ந்து ஒலிக்கும் பாடலில் எந்த அந்நியக் கார்ட் தாங்கும், எது தாங்காது என்பதையும் வாசித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அடியில் சி-யும் ஜி-யும் விடாமல் ஒலிக்கும்போது எஃப் மைனர் அழகாக அமர்கிறது, ஏனெனில் ஜி அதற்கு ஒன்பதாவது சுரமாகிவிடுகிறது. ஏ ஃபிளாட் மேஜர் தானாகவே மேஜர் செவன்த் ஆகிறது. பி ஃபிளாட் மேஜரும் எளிதாக ஒத்துப்போகிறது. டி ஃபிளாட் மேஜர்கூடத் தன் கடுமை குறைந்து கனவுபோல ஆகிறது. ஈ மேஜர் மட்டும் சரிப்படுவதில்லை: அதன் ஜி ஷார்ப் சுருதியின் ஜி-யோடும், அதன் பி சுருதியின் சி-யோடும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. ஆகவே ஈ மேஜர் வேண்டுமென்றால் அந்தச் சரணத்தில் சுருதியை நிறுத்திவிட வேண்டும், அல்லது பஞ்சமத்தை விட்டுச் சட்ஜத்தை மட்டும் மெல்லிதாக வைக்க வேண்டும்.

வாத்திய அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நீண்ட எதிரொலி வைத்த பேட் ஒலியில், அதாவது பின்னணியில் நீண்டு பரவும் கீபோர்டு ஒலியில், எஃப் மேஜர் முடிந்த பிறகும் அதன் ஏ காற்றில் தங்கியிருக்கும். எஃப் மைனர் வந்ததும் அந்த எச்சம் ஐந்தரைக் கட்டையின் மேல் படிந்து மாற்றத்தை மங்கச் செய்யும். ஆகவே மாற்றம் நிகழும் இடத்தில் எதிரொலியின் அளவைச் சற்றுக் குறைக்கிறேன். பியானோ என்றால் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுத்து மீண்டும் வைக்கிறேன். மாறும் சுரம் பாடகரின் குரலுக்கு ஒட்டிய உயரத்தில் இருந்தால் தெளிவாகக் கேட்கும். நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே போய், மூலச்சுரத்தை ஒட்டி மூன்றாவது சுரத்தையும் வைத்தால் மேஜரா மைனரா என்றே பிரித்தறிய முடியாத உறுமலாகிவிடும். கிட்டாரில் எஃப் மேஜர் பார் கார்டைப் பிடித்திருப்பவர் நடுவிரலை மட்டும் எடுத்தால் எஃப் மைனர் வந்துவிடுகிறது. அந்த ஒற்றை விரல் எழும் கணத்தை வேறு எந்தத் தந்தியையும் மீட்டாமல் தனியாகக் கேட்க விட்டால் பாடலுக்கு அது போதுமான அலங்காரம். தானியங்கித் தாளத்தோடு வரும் கீபோர்டுகளில், இடது கையில் அடிச் சுரத்தை மாற்றி வைத்தாலும் இயந்திரம் மூலச்சுரத்தையே பேஸில் வாசிக்கும் அமைப்பு இருப்பதுண்டு. சி-யில் நிற்க வேண்டிய பேஸ் எஃப்-க்குத் தாவுகிறது என்றால், கீபோர்டின் கார்ட் அறியும் முறையை மாற்ற முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பாடலுக்குள் எத்தனை முறை இப்படிச் செய்யலாம் என்ற கேள்விக்கு என் பதில் கஞ்சத்தனமானது. பல்லவியில் ஓர் இடம். சரணத்தில் வேண்டுமானால் அதன் மறுவடிவம் ஒன்று. பல்லவி முதல் முறை வரும்போது அந்த இடத்தில் சாதாரண எஃப் மேஜரை வைத்துவிட்டு, சரணம் முடிந்து திரும்பும்போது மட்டும் எஃப் மைனரைக் கொண்டுவந்தால், அதே சொற்களை இடையில் நடந்தவற்றைத் தெரிந்துகொண்ட ஒருவர் பாடுவதாக ஆகிறது. இந்த உத்தியை நான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக மதிக்கிறேன். இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு வரியிலும் ஓர் இரவல் கார்டைச் செருகினால் எது ஆதாரம், எது அந்நியம் என்று காது கணக்கு வைப்பதை விட்டுவிடும். அதற்குப் பிறகு எதை வாசித்தாலும் திடுக்கிடல் வராது.

சோதித்துப் பார்ப்பதற்கு இரண்டு பதிவுகள் செய்கிறேன், ஒன்றில் அந்நியக் கார்டும் மற்றதில் அதற்குப் பதிலாக வழக்கமான கார்டும் இருக்கும்படி. கேட்பவரிடம் எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதில்லை; புதியதாகத் தோன்றுவதையே பலரும் நன்றென்று சொல்லிவிடுவார்கள். பாடுகிறவர் இந்த வரியைச் சொல்லும்போது என்ன நினைக்கிறார் என்று கேட்கிறேன். இரண்டு பதிவுகளுக்கும் ஒரே பதில் வந்தால் வழக்கமான கார்டே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். ‘நாளை வருவேன் என்றாய்’ வரிக்கு முதல் பதிவைக் கேட்டவர், அவர் வர மாட்டார் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். மற்றதைக் கேட்டபோது, இவள் காத்திருக்கப் போகிறாள் என்று மட்டும் சொன்னார்.

உடன் வாசிப்பவர்களுக்குத் தாள் எழுதித் தரும்போது எஃப் மைனர் என்று மட்டும் எழுதினால் வேலை கெட்டுவிடும். கீபோர்டு வாசிப்பவர் அவருக்கு வசதியான இடத்தில் பிடிப்பார், கிட்டார் வாசிப்பவர் முதல் ஃபிரெட்டிலோ எட்டாவது ஃபிரெட்டிலோ பிடிப்பார், ஐந்தரைக் கட்டை மூன்று ஸ்தாயிகளில் ஒரே நேரத்தில் ஒலித்து, ஒற்றைக் குரலின் நகர்வாக இருக்க வேண்டியது கூட்டத்தின் நகர்வாகிவிடும். ஆகவே கார்ட் பெயருக்கு மேலே 6, 5½, 5 என்று எழுதி, அதை ஒரே ஒரு வாத்தியத்துக்கு ஒதுக்குகிறேன். மற்றவர்களுக்கு எஃப்-ம் சி-யும் மட்டும். பேஸ் வாசிப்பவர் தாளில் அந்தச் சுற்று முழுவதும் சி என்று எழுதி, அசையக் கூடாது என்று அடிக்கோடிடுகிறேன்.